டிராக்கோ: கமுகந்தோப்பில், வானத்தில், ரோமானியக் கொடியில் ஒரே பெயர்

கழுதுருட்டிக்காரன்

ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலைப் பக்கம் கமுகந்தோப்பு வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் பறக்கும் ஓணானைத் தெரியும் என்பார்கள். மலையாளத்தில் பறயோந்து. விலங்கியல் புத்தகத்தில் அதற்கு டிராக்கோ டுசுமியெரி என்று பெயர்.

பெரிய பாம்பு, டிராகன் என்று பொருள்படும் இந்த டிராக்கோ என்ற லத்தீன் பெயரைத் தேடிப் போனால் அது எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போகிறது. வடக்கு வானத்தில் ஒரு விண்மீன் கூட்டம் டிராக்கோ. கானரித் தீவுகளில் ஒரு மரம் டிரசீனா டிராக்கோ. ரோமானியக் குதிரைப்படை ஏந்திப் போன கொடி டிராக்கோ. ஐரோப்பியக் கடலில், முள்ளில் விஷம் உள்ள ஒரு மீன் டிராக்கினஸ் டிராக்கோ. ஏதென்ஸ் நகரத்துக்குக் கடுமையான சட்டம் எழுதியவர் பெயரும் அதுதான்.

பள்ளிக்கூடத்தில் அறிவியல் பெயரை மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று சொல்லித் தருவதில்லை. நம் ஆரியங்காவுக் கணவாய்ப் பக்கத்து ஆட்களில் ஆளுக்கு ஒரு துறை தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். தெரிந்ததை எழுதுங்கள். தமிழில் ஒரே இடத்தில் கிடைத்தால் பிள்ளைகளுக்குப் பயன்படும்.

செங்கோட்டை டீச்சர்

நல்ல காரியம் தம்பி. ஓணானில் இருந்தே ஆரம்பிக்கிறேன்.

உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் 1735-இல் இயற்கையின் வகைப்பாட்டு நூலின் முதல் பதிப்பை வெளியிட்டபோது, கட்டுக்கதை விலங்குகளுக்கென்றே ஒரு பகுதி வைத்தார். ஹைட்ரா, ஒற்றைக்கொம்புக் குதிரை, பீனிக்ஸ் எல்லாம் அதில் உண்டு. டிராக்கோவும் உண்டு. பாம்பு உடம்பு, இரண்டு கால், வௌவாலைப் போல இரண்டு இறக்கை என்று ஊரெல்லாம் சொல்லும் விலங்கு ஒன்று இறக்கையுள்ள பல்லியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திருக்கை மீனை வெட்டி வளைத்துக் காயவைத்த போலியாக இருக்க வேண்டும் என்று எழுதினார். அந்தக் காலத்தில் ஐரோப்பியத் துறைமுகங்களில் அப்படிச் செய்த போலிகளை விற்கிற வழக்கம் இருந்தது.

அதே ஆண்டு ஹாம்பர்க் நகரத்தில் ஏழு தலை ஹைட்ரா என்று ஒன்றைப் பெருமையாக வைத்திருந்தார்கள். நகரத் தலைவரின் சொத்து அது, பெரிய விலைக்குப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. லின்னேயஸ் போய்ப் பார்த்தார். கீரியைப் போன்ற ஒரு சிறு விலங்கின் தாடைகளையும் கால்களையும் சேர்த்து, மேலே பாம்புத்தோலை ஒட்டியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து வெளியே சொன்னார். விலை விழுந்தது. அவரும் அவசரமாக ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று.

1758-இல் பத்தாம் பதிப்பு வருகிறது. அதில் கட்டுக்கதைப் பகுதி இல்லை. ஆனால் டிராக்கோ என்ற பெயர் இருக்கிறது, தென்கிழக்கு ஆசியாவின் பறக்கும் ஓணானுக்கு டிராக்கோ வோலன்ஸ் என்று சூட்டப்பட்டு. இல்லாத விலங்கை நூலில் இருந்து நீக்கிய அதே கைதான் அதன் பெயரை உயிருள்ள ஓர் ஓணானுக்குக் கொடுத்தது. லின்னேயஸ் செய்ததிலேயே எனக்கு மிகப் பிடித்த செயல் இது. இருபது வருஷத்துக்கு முன்னால் "இறக்கையுள்ள பல்லியாக இருக்கலாம்" என்று அவரே எழுதியதைத்தான் இங்கே முடித்து வைத்தார் என்று நான் எண்ணுகிறேன்.

இன்று டிராக்கோ பேரினத்தில் ஏறக்குறைய 40 இனங்கள். பெரும்பாலும் மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் பக்கம். தென்னிந்தியாவுக்கென்று இருப்பது ஒன்றே ஒன்று, நம் மேற்குமலையில் திரியும் டுசுமியெரி. 1837-இல் துமெரில், பிப்ரோன் என்ற இரண்டு பிரெஞ்சு அறிஞர்கள் பெயரிட்டார்கள். டுசுமியே என்பவர் கப்பல் வணிகர். இந்தியப் பெருங்கடலைச் சுற்றி வந்து உயிரின மாதிரிகளைச் சேகரித்துப் பாரிஸுக்குக் கொண்டுபோனவர்.

குளத்தூப்புழை ரப்பர்

டீச்சர் சொன்னதோடு தோட்டத்தில் பார்ப்பதையும் சேர்க்கிறேன். நாங்கள் இலங்கையிலிருந்து வந்த குடும்பம். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்தவர்களுக்கு இங்கே ரப்பர் தோட்டத்தில் வேலை கொடுத்தார்கள் அல்லவா, அந்த வழி. இலங்கையில் இந்த ஓணான் இனமே கிடையாது. மலையகத்திலேயே பிறந்து வளர்ந்த எங்கள் பெரியவர்கள் இங்கே வந்துதான் முதல்முதலாகப் பார்த்திருக்கிறார்கள்.

வாலோடு சேர்த்து ஒரு சாண் நீளம் இருக்கும். மரப்பட்டை நிறம். அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் பக்கத்தில் நின்றாலும் தெரியாது. நாம் ஒரு பக்கம் போனால் அது தண்டைச் சுற்றி மறுபக்கம் போய்விடும். எறும்புதான் முக்கியத் தீனி. தண்டில் எறும்பு சாரை போகிற இடத்தில் பொறுமையாக நின்று ஒவ்வொன்றாக எடுக்கும். ஆண் ஓணானுக்குத் தொண்டையில் மஞ்சள் தாடை மடிப்பு. அதை நீட்டி மடக்குவதைப் பார்த்துத்தான் பெரும்பாலும் நாம் அதைக் கண்டுபிடிப்போம்.

ரப்பரில் குறைவு, கமுகில் அதிகம். கமுகு நெருக்கமாக நிற்பதால் ஒரு மரத்தின் உச்சியிலிருந்து அடுத்த மரத்தின் இடுப்புக்குச் சறுக்கிப் போய், மறுபடி ஏறி, அப்படியே தோப்பைக் கடந்துவிடும். மகாளி நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிக்க மரம் ஏறுகிறவர்களைக் கேளுங்கள், நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள்.

பெண் ஓணான் முட்டையிட மட்டும் தரைக்கு இறங்கும். மண்ணைக் கிளறிக் குழி பறித்து முட்டையிட்டு மூடிவிட்டு மறுபடி மரத்துக்குப் போய்விடும். அதனால் தோப்பில் அடிமண்ணைத் திருப்பும்போது கொஞ்சம் பார்த்துச் செய்யச் சொல்லுங்கள்.

புளியரை வானம்

வானத்து டிராக்கோவை நான் எழுதுகிறேன்.

கிரேக்க வானியலாளர் டாலமி கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் பட்டியலிட்ட 48 விண்மீன் கூட்டங்களில் இதுவும் ஒன்று. சப்தரிஷி மண்டலம் எல்லோருக்கும் தெரியும். துருவ நட்சத்திரமும் தெரியும். அந்த இரண்டுக்கும் நடுவில் நெளிந்து போகிற நீளமான வரிசைதான் டிராக்கோ. வால் நுனி சப்தரிஷிக்கும் துருவனுக்கும் இடையில் தொடங்கும். தலை, நான்கு விண்மீன் கொண்ட சின்னக் கட்டமாக, வேகா நட்சத்திரத்தின் பக்கம் முடியும்.

நம் ஊர் ஏறக்குறைய 9 பாகை வட அட்சரேகை. துருவன் தொடுவானத்துக்கு மேல் 9 பாகைதான் நிற்கும், மரம் மறைத்தால் தெரியவே தெரியாது. டிராக்கோ அப்படியில்லை. தலை உச்சம் தொடும் நேரத்தில் பாதி வானத்துக்கு ஏறிவிடும். பிரச்சினை என்னவென்றால் முன்னிரவில் அது நன்றாக ஏறி நிற்பது ஜூன், ஜூலையில். அப்போது இங்கே இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை, அந்தப் பக்கம் தென்காசியில் சாரல் மேகம். அதனால் ஏப்ரல், மே மாதங்களில் நள்ளிரவுக்குப் பிறகு வடக்கே பார்ப்பதுதான் நமக்குச் சரிப்படும்.

இந்தக் கூட்டத்தின் வாலில் தூபன் என்று மங்கலான ஒரு விண்மீன். கி.மு. 2800 வாக்கில் அதுதான் துருவ நட்சத்திரம். எகிப்தில் பெரிய பிரமிடு எழுந்த காலத்தில் வடக்குத் துருவத்துக்குப் பக்கத்தில் இருந்தது அது. பூமியின் அச்சு மெதுவாகத் திசை மாறிக்கொண்டே சுமார் 26,000 ஆண்டில் ஒரு வட்டம் போடுகிறது. அந்த வட்டத்தின் மையப்புள்ளியும் டிராக்கோவுக்குள்தான் இருக்கிறது. இன்றைக்கு நாம் துருவன் என்று காட்டும் விண்மீன் எல்லாக் காலத்திலும் துருவனாக இருந்து வந்ததும் இல்லை, எல்லாக் காலத்திலும் இருக்கப்போவதும் இல்லை.

விஷ்ணு புராணத்தில் விண்மீன்கள் எல்லாம் சிம்சுமாரம் என்ற நீர்விலங்கின் வடிவில் இருப்பதாகவும், அதன் வால் நுனியில் துருவன் இருப்பதாகவும் வருகிறது. வடக்கு வானத்தில் வாலுள்ள ஒரு பெரிய விலங்கைக் கண்டவர்கள் மத்தியத்தரைக் கடல்காரர்கள் மட்டும் இல்லை.

பாலருவி

எல்லாம் அருமை. ஆனால் எனக்கு ஒரு வருத்தம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நம் தோப்பில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற உயிருக்கு முதல் பெயர் ரோமாபுரிக்காரன் பாம்புப் பெயர், இரண்டாம் பெயர் ஒரு பிரெஞ்சு வியாபாரியின் பெயர். பறயோந்து என்ற பெயரை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் பார்த்ததில்லை. மலைமேல் வாழும் காணிக்காரப் பழங்குடியினர் இதற்கு என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுக் குறித்து வைத்தவர் யாராவது இருக்கிறார்களா? டிராக்கோ எங்கெல்லாம் போனது என்று இவ்வளவு தேடுகிறோம். இந்த வேலையில் பாதியையாவது நம் பெயர்களுக்குச் செய்ய வேண்டும்.

செங்கோட்டை டீச்சர்

பாலருவி, நீ கேட்பது நியாயம். காணிக்காரர் பெயரைக் கேட்டு எழுதி வைப்பதை இந்தக் கோடையிலேயே செய்யலாம், நானும் வருகிறேன்.

ஆனால் லத்தீன் பெயர் ஏன் வேண்டும் என்றும் பார். 1956 வரை செங்கோட்டையும் திருவிதாங்கூரிலும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும்தான் இருந்தது. கணவாயின் இரண்டு பக்கமும் பேச்சு கலந்தே கிடக்கிறது. ஓந்து என்று ஒருவர் வேலி ஓணானைச் சொல்வார், இன்னொருவர் பச்சை ஓணானைச் சொல்வார். கன்னடத்தில் இதையே ஹாருவ ஓத்தி என்கிறார்கள். டிராக்கோ டுசுமியெரி என்று சொன்னால் ஆகும்பேயில் இருப்பவரும் தென்மலையில் இருப்பவரும் ஒரே உயிரைத்தான் பேசுகிறோம் என்று உறுதியாகிறது. மலேசியாவில் எழுதின ஆய்வைப் படிக்கும்போது அது நம் இனம் இல்லை, அதன் பங்காளி என்றும் தெரிகிறது.

அப்புறம் லத்தீன் பெயருக்குள் நம் பேச்சும் இருக்கிறது. அந்த ஓணான் ஏறுகிற கமுகின் பெயர் அரெக்கா கட்டேச்சு. அரெக்கா என்பது மலையாளத்து அடைக்கா, போர்த்துகீசியர் வாய்வழியாக லத்தீனுக்குப் போனது.

பாலருவி

கமுகுக்குக் கிடைத்தது ஓணானுக்கும் கிடைத்திருக்கலாம் என்றுதான் நானும் சொல்கிறேன் டீச்சர். கோடையில் போவது உறுதி. ஆள் சேர்க்கிறேன்.

முசிறித்துறை

ரோமானியர் கொடியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்.

டிராக்கோ என்ற கொடி ரோமானியர் கண்டுபிடித்தது இல்லை. டேசியர், சர்மேசியர் போன்ற எதிரிகளிடமிருந்து எடுத்துக்கொண்டது. ஈட்டியின் நுனியில் வாய் பிளந்த உலோகத் தலை. அதற்குப் பின்னால் துணியால் தைத்த நீண்ட குழாய். குதிரை பாய்ந்து ஓடும்போது காற்று வாய்வழியாகப் புகுந்து துணி உப்பும், நெளியும், சீறும் ஓசையும் எழும். கி.பி. 113-இல் ரோமில் எழுப்பிய டிராஜன் தூணில் டேசியர் கையில் இந்தக் கொடியைச் செதுக்கியிருக்கிறார்கள். பிறகு ரோமானியப் படையே அதை ஏந்தியது. ஏந்துபவருக்கு டிராக்கோனேரியஸ் என்று பதவிப் பெயர். ஜெர்மனியில் நீடர்பீபர் என்ற பழைய ரோமானியக் கோட்டை இருந்த இடத்தில் அப்படிப்பட்ட உலோகத் தலை ஒன்று கிடைத்திருக்கிறது. காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது என்று வில்லாளிகளுக்குக் காட்டவும் அது உதவியிருக்கும் என்று சில வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள்.

இதைவிட நமக்கு நெருக்கமான கதை ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியது. கி.பி. 77 வாக்கில் வெளிவந்த அவருடைய இயற்கை வரலாற்றில், இந்தியாவில் யானைக்கும் டிராக்கோவுக்கும் தீராப் பகை என்று வருகிறது. டிராக்கோ யானையின் காலையும் உடலையும் சுற்றி இறுக்கும், யானை சாய்ந்து விழும்போது அதன் எடையில் டிராக்கோவும் நசுங்கிச் சாகும் என்கிறார். லத்தீனில் டிராக்கோ என்றால் பெரிய பாம்புக்கும் அதே பெயர்தான். இறக்கை, நெருப்பு எல்லாம் பிற்காலத்து ஐரோப்பா சேர்த்தவை. ஆகவே பிளினியின் இந்திய டிராக்கோவுக்குப் பின்னால் மலைப்பாம்பு இருக்கிறது என்று கொள்ளலாம். நம் காட்டு மலைப்பாம்பு யானையை எதிர்க்கிற உயிர் இல்லை, ஆனால் அதன் நீளத்தைக் கேள்விப்பட்ட மாலுமிகள் மத்தியத்தரைக் கடல் வரை போய்ச் சொல்லும்போது கதை எப்படி வளர்ந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. அதே பிளினிதான் முசிறியை இந்தியாவின் முதல் சந்தை என்று எழுதினார். மிளகு ஏற்றப் போன கப்பல்களில்தான் இந்தக் கதையும் ஏறியிருக்க வேண்டும் என்பது என் நம்பிக்கை.

அந்தச் சண்டையில் இரண்டின் இரத்தமும் கலந்து உறைந்ததுதான் சிவப்புச் சாயப்பொருள் என்று பிளினி வேறோர் இடத்தில் எழுதுகிறார். இந்த இடத்தில் புனலூர்க்காரரைக் கூப்பிடுகிறேன், மரத்தைப் பற்றி அவர்தான் சொல்ல வேண்டும்.

புனலூர் நர்சரி

கூப்பிட்டதற்கு நன்றி அண்ணாச்சி.

பிளினி சொன்ன அந்தச் சிவப்பு உண்மையில் ஒரு மரத்தின் பிசின். செங்கடல் வழிப் பயணம் பற்றி முதல் நூற்றாண்டில் கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய வழிகாட்டியில், சொக்கோத்ரா தீவில் மரத்திலிருந்து சொட்டுச் சொட்டாகச் சேகரிக்கிற சிவப்பு கிடைக்கிறது, அதற்கு இந்தியச் சிவப்பு என்று பெயர் என வருகிறது. அது டிரசீனா சின்னபாரி. அரபிக்கடலில் இருக்கிற அந்தத் தீவில் மட்டும் வளரும் மரம். அடி ஒற்றைத் தண்டு, மேலே கிளைகள் நெருங்கிப் படர்ந்த தட்டையான முடி.

கானரித் தீவுகளில் வளரும் இன்னொன்றுக்குத்தான் டிரசீனா டிராக்கோ என்று பெயர். லின்னேயஸ் முதலில் 1762-இல் அதைத் தண்ணீர்விட்டான் குடும்பத்துப் பேரினத்தில் போட்டு அஸ்பராகஸ் டிராக்கோ என்றார், 1767-இல் டிரசீனாவுக்கு மாற்றினார். பட்டையைக் கீறினால் சிவப்புப் பிசின் வடியும். டிராகனின் இரத்தம் என்று விற்றார்கள். வார்னிஷ், மருந்து, சாயம் எல்லாவற்றுக்கும் போனது. சுமாத்ராவில் ஒரு பிரம்பு வகையின் காயிலிருந்து எடுக்கும் சிவப்புப் பிசினையும் அதே பெயரில் விற்றார்கள், அந்தப் பிரம்புக்கும் டிராக்கோ என்றே சிறப்பினப் பெயர். ஆக, சரக்கு ஒன்றாகத் தெரிந்ததால் மூன்று வெவ்வேறு செடிக்கு ஒரே கதை ஒட்டிக்கொண்டது.

தெனரீஃப் தீவில் ஒரோதாவா என்ற ஊரில் இருந்த பிரமாண்டமான டிராக்கோ மரத்தை ஜெர்மானிய இயற்கையியலாளர் ஹம்போல்ட் 1799-இல் போய்ப் பார்த்தார். 1860-களின் பிற்பகுதியில் ஒரு புயலில் அது போய்விட்டது.

இந்தப் பேரினத்தின் சின்னச் செடிகள் எங்கள் நர்சரியில் நிறைய இருக்கின்றன. மஞ்சள் கோடு போட்ட இலையோடு வீட்டு வாசலில் வைக்கிறார்களே, சாங் ஆஃப் இந்தியா என்று கேட்டு வாங்குகிறார்களே, அது டிரசீனா ரிஃப்ளெக்ஸாவின் ஒரு வகை. இன்னொரு செய்தி: வறண்ட காட்டில், வேலியோரத்தில் வளரும் மருள் செடியை எல்லோருக்கும் தெரியும், நார் எடுப்பார்கள், வில்நாண் திரிப்பார்கள். முன்பு சான்செவீரியா என்று தனிப் பேரினமாக வைத்திருந்தார்கள். மரபணுவைப் பார்த்தபிறகு அதையும் டிரசீனாவுக்குள் சேர்த்துவிட்டார்கள். இப்போது நம் மருளுக்கும் பெண் டிராகன் பெயர். டிரசீனா என்றால் அதுதான்.

கழுதுருட்டிக்காரன்

மருள் இந்தக் கணக்கில் வரும் என்று எதிர்பார்க்கவே இல்லை. ஒரு சந்தேகம். விலங்குக்கும் டிராக்கோ, செடிக்கும் டிராக்கோ. ஒரே பெயரை இரண்டுக்கு வைக்கலாமா? குழப்பம் வராதா?

செங்கோட்டை டீச்சர்

வைக்கலாம். விலங்குப் பெயருக்கு ஒரு விதித்தொகுப்பு, தாவரப் பெயருக்கு வேறொரு விதித்தொகுப்பு, இரண்டும் ஒன்றையொன்று கட்டுப்படுத்தாது. ஒரே பேரினப் பெயர் இரு பக்கமும் இருக்கலாம். பியெரிஸ் என்பது ஒரு புதர்ச்செடி, முட்டைக்கோஸ் தின்னும் வெள்ளை வண்ணத்துப்பூச்சியும் பியெரிஸ். மோரஸ் என்றால் முசுக்கொட்டை, ஒரு கடற்பறவைக்கும் அதுவே. ஆனால் விலங்குக்குள்ளேயே இன்னொரு பேரினத்துக்கு டிராக்கோ என்று வைக்க முடியாது. அந்த இடத்தை ஓணான் எடுத்துக்கொண்டுவிட்டது. நீங்கள் சொன்ன விஷமுள் மீனில் டிராக்கோ இரண்டாம் இடத்தில், சிறப்பினப் பெயராக வருவதால் தடையில்லை.

குளத்தூப்புழை ரப்பர்

ஏதென்ஸ்காரர் இந்தப் பட்டியலில் வரலாமா? அவர் கிரேக்கர். லத்தீன் பெயர் என்று இழை தொடங்கியிருக்கிறோம்.

முசிறித்துறை

வரலாம் என்றுதான் நான் நினைக்கிறேன். கிரேக்க டிராக்கோன் லத்தீனுக்கு வரும்போது டிராக்கோ ஆகிறது, பாம்புப் பெயரும் அப்படித்தான் வந்தது. அவரை நாம் டிராக்கோ என்று சொல்வதே லத்தீன் வழியாக.

கி.மு. 621 வாக்கில் ஏதென்ஸில் முதல்முறையாகச் சட்டத்தை எழுத்தில் கொடுத்தவர். அதற்கு முன்னால் பெருங்குடியினர் வாயில் இருந்ததே சட்டம். சின்னத் திருட்டுக்கும் மரண தண்டனை என்று வைத்ததால், டிராக்கோவின் சட்டம் மையால் எழுதியது இல்லை, இரத்தத்தால் எழுதியது என்று பிற்காலத்தில் ஏதென்ஸ் பேச்சாளர் டெமடீஸ் சொன்னதாகப் புளுட்டார்க் குறித்திருக்கிறார். கி.மு. 594-இல் சோலன் வந்து எல்லாவற்றையும் நீக்கினார், கொலைக்குற்றச் சட்டத்தைத் தவிர.

அதை ஏன் விட்டார் என்பதுதான் முக்கியம். வேண்டுமென்று செய்த கொலைக்கும், நினையாமல் நேர்ந்த கொலைக்கும் அந்தச் சட்டம் வேறுபாடு காட்டியது. குடும்பங்கள் தலைமுறைக்கணக்கில் பழிவாங்கிக்கொண்டிருந்ததை நிறுத்தி வழக்கை மன்றத்துக்குக் கொண்டுவந்தது. இருநூறு ஆண்டு கழித்து கி.மு. 409-இல் அதைக் கல்லில் மறுபடி வெட்டி வைத்தார்கள், அந்தக் கல் இன்றும் இருக்கிறது. உலகம் முழுதும் கொடூரச் சட்டத்துக்கு அவர் பெயரைச் சொல்கிறார்கள். எழுதிவைத்த சட்டம் என்ற நல்ல காரியத்துக்கும் அவர் பெயரைச் சொல்ல வேண்டும்.

ஐரோப்பிய இடைக்காலத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். 1408-இல் ஹங்கேரி மன்னர் சிகிஸ்மண்ட் டிராகன் பெயரில் ஒரு வீரர் சங்கம் தொடங்கினார். அதில் சேர்ந்த வலாக்கிய அரசர் விளாட் 'டிராக்குல்' ஆனார், அவர் மகன் 'டிராக்குலா'. அந்தப் பேரில் இன்று ஒரு ஆர்க்கிட் பேரினமும் உண்டு.

புளியரை வானம்

வானத்து டிராக்கோ அறிவியலுக்குச் செய்த உதவியை நான் விட்டுவிட்டால் சரியாக இருக்காது.

அதன் தலையில் இருக்கும் காமா விண்மீன் லண்டனின் தலைக்கு நேர் மேலே கடக்கும். நேர் மேலே என்றால் காற்று மண்டலம் ஒளியை வளைக்கிற தொந்தரவு இல்லை. அதனால் 1725-இல் ஆங்கில வானியலாளர் ஜேம்ஸ் பிராட்லியும் மோலினோவும் கூரையைப் பிளந்து நெட்டுக்குத்தாகத் தொலைநோக்கியை நிறுத்தி அதை அளக்கத் தொடங்கினார்கள். பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் இடம் மாறித் தெரிய வேண்டும், அதை வைத்துத் தூரம் கணக்கிடலாம் என்பது திட்டம். விண்மீன் இடம் மாறியது, ஆனால் எதிர்பார்த்த மாதத்தில் இல்லை, மூன்று மாதம் தள்ளி. பூமி நகர்ந்துகொண்டே இருக்கும்போது மேலிருந்து வரும் ஒளி சாய்ந்து வருவதுபோலத் தோன்றுகிறது என்று 1728-இல் பிராட்லி புரிந்துகொண்டார். பூமி ஓடுகிறது என்பதற்குக் கிடைத்த முதல் நேரடிச் சான்று அது. சூரிய ஒளி நம்மை வந்தடைய எட்டு நிமிஷமும் சில வினாடிகளும் ஆகும் என்பதையும் அதிலிருந்தே கணக்கிட்டார். தேடியது கிடைக்காமல் அதைவிடப் பெரியது கிடைத்தது.

பிறகு 1786-இல் வில்லியம் ஹெர்ஷல் இதே கூட்டத்தில் பச்சைநிற வட்டமாக ஒரு மங்கல் பொருளைக் கண்டார். பூனைக்கண் நெபுலா என்கிறோம். அது நட்சத்திரக் குவியலா, வேறு ஏதாவதா என்று எண்பது வருஷம் விவாதம் நடந்தது. 1864-இல் வில்லியம் ஹக்கின்ஸ் அதன் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தார். விண்மீன் என்றால் வானவில் போல் தொடர்ச்சியாக வர வேண்டும். வந்தது ஒருசில தனிக்கோடுகள். அது ஒளிர்கிற வாயு என்று அன்றே முடிவாயிற்று.

பாலருவி

அண்ணாச்சி, இதைப் படித்ததும் எனக்கும் ஓணானைப் பற்றிய ஒன்று நினைவுக்கு வந்தது. இறக்கை என்று எல்லோரும் சொல்கிறோம், ஆனால் அது கையில்லை. வௌவாலுக்கு விரல்கள்தான் இறக்கையைத் தாங்கும். இந்த ஓணானுக்கு விலா எலும்புகள் நீண்டு குடைக்கம்பி மாதிரித் தோலைத் தாங்குகின்றன. வேண்டாதபோது உடம்போடு மடக்கிவிடும். அப்படியானால் சறுக்கும்போது கை சும்மா இருக்குமா?

செங்கோட்டை டீச்சர்

இதற்கு விடை சமீபத்தில்தான் கிடைத்தது, அதுவும் நம் இனத்திலேயே. விலா எலும்பின் தசைகளே இறக்கையை முழுதும் இயக்குகின்றன என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2017-இல் வெளியான ஒரு ஆய்வுக்காக ஆகும்பே காட்டில் டிராக்கோ டுசுமியெரி சறுக்குவதைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். மரத்திலிருந்து குதித்து இறக்கை விரிந்ததும் ஓணான் முன்கைகளைப் பின்னால் கொண்டுபோய் இறக்கையின் முன்விளிம்பைப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பிடியிலேயே வளைவை மாற்றித் திரும்புகிறது. இறங்கப் போகும்போதுதான் விடுகிறது, உடனே கைகள் மரத்தைப் பிடிக்கத் தயாராகிவிடும். மணிக்கட்டு அதற்கு ஏற்றபடி வழக்கமில்லாத திசையில் மடங்குகிறது.

வேகமாக நடப்பதால் வெறும் கண்ணில் இது தெரியாது. கைப்பேசியில் மெதுவோட்டப் படம் எடுக்கத் தெரிந்தவர்கள் கமுகந்தோப்பில் முயன்று பாருங்கள். வெயில் நன்றாக ஏறிய பிறகு, ஆண் ஓணான் மஞ்சள் தாடையை ஆட்டும் மரத்துக்கு எதிர்மரத்தில் நின்று காத்திருக்க வேண்டும்.

கழுதுருட்டிக்காரன்

எங்கள் தோப்பில் இடம் தருகிறேன் டீச்சர், காணிக்காரர் பெயர் கேட்கப் போகிற கூட்டமும் அங்கிருந்தே கிளம்பலாம். புளியரை அண்ணாச்சி, டிராக்கோவிலிருந்து எரிகல் விழும் என்று கேள்விப்பட்டேன். அதுவும் நம் பக்கம் தெரியுமா?

புளியரை வானம்

தெரியும். ஜியாக்கோபினி–சின்னர் என்ற வால்விண்மீன் விட்டுச்சென்ற தூசியைப் பூமி கடக்கும்போது வருவது, அக்டோபர் 8, 9 வாக்கில். மற்ற எரிகல் மழைக்கு விடியற்காலை வரை விழித்திருக்க வேண்டும், இதற்கு வேண்டாம். டிராக்கோவின் தலை அப்போது இருட்டியவுடனே வடமேற்கில் நல்ல உயரத்தில் இருக்கும், மலைக்கு மேலேயே தெரியும். 1933-இலும் 1946-இலும் ஆயிரக்கணக்கில் கொட்டியது. சாதாரண வருஷத்தில் மணிக்கு ஒன்றிரண்டுதான், அதனால் பொறுமை வேண்டும். துலாவர்ஷ (வடகிழக்குப் பருவ) மேகம் ஏழு மணிக்கு முன்னால் கலைந்தால் நான் அறிவிப்பு போடுகிறேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு புளியரை வயல்வெளிக்கு வாருங்கள், அங்கே விளக்கு வெளிச்சம் குறைவு.